முதல் அத்தியாயத்தைக் காதால் பாருங்கள்

ஹாஸ்பின் ஹோட்டல் என்ற அனிமேஷன் இசைத் தொடரின் முதல் அத்தியாயத்தை விமர்சிக்க உட்காரும் முன் இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை குறிப்பெடுக்க வேண்டாம். இரண்டாவதை நான் ஈசூனிலிருந்து சிட்டி ஹால் போகும் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில், கைப்பேசியைக் கவிழ்த்துவைத்துக் கேட்க மட்டும் செய்தேன். பாட்டு கதையை நகர்த்துகிறதா என்பது அப்போதுதான் பிடிபட்டது. நாயகியான நரக இளவரசி சார்லி நரகத் தெருவில் பாடிக்கொண்டே போகும்போது அவளுடைய நம்பிக்கை முழுக்க மெட்டிலேயே இருக்கிறது. சொர்க்கத்தின் தரப்பில் பேசும் ஆதாம் பாட ஆரம்பித்தால் ராக் இசைதான். அவள் பேச இடமே கிடைப்பதில்லை. இதெல்லாம் எந்த நிமிடத்தில் நடக்கிறது என்று குறித்து எழுதுங்கள்.

கெட்ட வார்த்தைகளை எண்ண வேண்டாம், பெரியவர்களுக்கான தொடர்தான் அது. அப்புறம், 2019இல் யூடியூபில் வந்த முன்னோட்ட அத்தியாயத்தில் (பைலட்) குரல்கள் வேறு. 2024 தொடரை அதன் சொந்தக் குரல்களை வைத்தே எடைபோடுங்கள். முதல் சீசனில் எட்டே அத்தியாயங்கள் என்பதால் கதை அவசரமாக ஓடுகிறது. எனக்கு உறுத்தியது அதுதான்.