மெய்ப்புப் பார்ப்பது எப்படி? முதன்முறை உட்காருபவர்களுக்கு

நூல் அச்சுக்குப் போகுமுன், பக்கம் வடிவமைத்து எடுக்கும் சோதனைப்படிதான் மெய்ப்பு. பேச்சில் புரூஃப் என்பார்கள். நடையைச் செம்மை செய்வது எடிட்டரின் வேலை. அது முன்பே முடிந்திருக்க வேண்டும். வாக்கியம் பிடிக்கவில்லை என்று மெய்ப்பில் மாற்றி எழுதாதீர்கள். வரி நகர்ந்தால் பக்கம் நகரும், பொருளடக்கத்து எண்ணும் தப்பாகிவிடும். சந்தேகமா, ஓரத்தில் கேள்விக்குறி போட்டு நூலாசிரியரிடம் கேளுங்கள்.

முதலில் தாளில் அச்செடுங்கள். மூலப்பிரதியும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு வரி விடுபட்டிருந்தால் ஒப்பிட்டால்தான் தெரியும். வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து, மெல்ல வாய்விட்டுப் படியுங்கள். கதையில் மூழ்கிவிட்டீர்களா? சரி, அந்தப் பக்கத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

அடுத்து எழுத்து. அரை, அறை, பணி, பனி எல்லாமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தி மென்பொருள் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஒற்றும் அப்படித்தான். 'தந்த பலகை' என்றால் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. கண்ணுக்கே தெரியாத பிழைகளும் உண்டு. ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ, ள இரண்டையும் அடுத்தடுத்து அடித்திருப்பார்கள். எ வர வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு (௭) உட்கார்ந்திருக்கும். தாளில் வித்தியாசமே தெரியாது. மின்னூலில் தேடும்போது அந்தச் சொல் சிக்காது. இவற்றைக் கணினியில் தேடித்தான் பிடிக்க வேண்டும். படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி (OCR) மூலம் எடுத்த கோப்பு என்றால் இன்னும் கவனம்: துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ர வந்திருக்கலாம்.

அப்புறம் தனியாக ஒருமுறை, உரையைப் படிக்காமல், தலைப்பு, பக்க எண், படக்குறிப்பு, ஆண்டு, ஆட்பெயர் மட்டும் பாருங்கள். இருப்பதிலேயே பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பில்தான் பிழை தப்பும். அதை யாரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை.

நீங்களே தவறாகத் திருத்திவிட்டால் பதற வேண்டாம். அந்தச் சொல்லுக்கு அடியில் புள்ளிகள் வைத்தால் 'பழையபடி இருக்கட்டும்' என்று பொருள்.

கடைசியாக இரண்டாம் மெய்ப்பு, அதாவது உங்கள் திருத்தங்களைச் சேர்த்து மறுபடி எடுத்த படி. திருத்திய சொல்லை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள், பத்தி முடியும்வரை படியுங்கள். நீங்கள் சேர்த்த ஒரு 'ப்' வரியைத் தள்ளியதில், பத்தியின் கடைசிச் சொல் மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக நின்றுகொண்டிருக்கும்.