கேரவனில் கழிவுத் தொட்டி: மதுரைப் பக்கம் முகாம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

கேரவனில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் அடுப்பு, மெத்தை, கொசுவலை வரை யோசித்து எடுத்து வைக்கிறார்கள். கழிவுத் தொட்டியைப் பற்றிக் கேட்டால் "நிரம்புறப்போ பார்த்துக்கலாம்" என்று பதில் வருகிறது. வண்டிக்கு அடியில் இருக்கும் தொட்டி நிறைந்ததும், கழிவை ஓஸ் போட்டு இறக்கி வேறிடம் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு, சக்கரம் வைத்த பிளாஸ்டிக் கைத்தொட்டி ஒன்று விற்கிறார்கள். வண்டியை நகர்த்தாமலே காலி செய்துவிடலாம் என்பது இதன் வசதி. வம்பும் அதில்தான்.

பெரிதாக இருந்தால் நல்லது என்று 100 லிட்டர் தொட்டி வாங்குகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நிறைந்த தொட்டியை மேலூர்ப் பக்கத்துத் தோப்பு மண்ணில் இழுத்துப் பாருங்கள், அந்தச் சின்னச் சக்கரம் மண்ணுக்குள் இறங்கிக்கொள்ளும். காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கலாம், ஆனால் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக்கூடாது. 40 லிட்டர் தொட்டி போதும், இரண்டு நடை நடந்தால் ஆயிற்று. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் நிறைந்த தொட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டு ஏறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்தத் தொட்டிகளின் கணக்கெல்லாம் காகிதம் பயன்படுத்துகிற ஊர்க்காரர்களை வைத்துப் போட்டது. நாம் தண்ணீர்க்காரர்கள். ஒருவர் ஒரு தடவைக்கு இரண்டு லிட்டர் ஊற்றினாலும், நான்கு பேர், ஆளுக்கு ஐந்து தடவை என்றால் ஒரே நாளில் 40 லிட்டர். கழிப்பறைக்கு அடியிலிருந்து இழுத்தெடுக்கிற 20 லிட்டர் கேசட் தொட்டி மத்தியானமே கையை விரித்துவிடும். பெரிய மக்குக்குப் பதில் கைப்பீச்சான் வைத்தால் பாதி மிச்சமாகும். அதற்காகச் சுத்தமாகத் தண்ணீரைக் குறைத்துவிடவும் கூடாது, திடக்கழிவு அடியில் இறுகிப்போகும். ஈரத் துடைப்பான், டயப்பர், நாப்கின் எதையும் உள்ளே போடாதீர்கள். எதுவும் கரையாது.

இறக்கும்போது நடக்கும் விபத்தில் பாதிக்கு மேல் ஓஸ்தான் காரணம் என்பேன். மூன்று அங்குல ஓஸ் பத்தடி நீளம் இருந்தால், அதற்குள் மட்டும் ஏறக்குறைய 14 லிட்டர் நிற்கும். கைத்தொட்டி கழுத்து வரை வந்த பிறகு வால்வை மூடினால் அந்த 14 லிட்டரும் எங்கே போகும்? காலில்தான். பாதித் தொட்டி ஆனதுமே வால்வை மூடுங்கள், அப்புறம் ஓஸைத் தூக்கி மிச்சத்தை வடியவிடுங்கள். கைத்தொட்டி வண்டியின் வாயைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். காற்று வெளியேறும் சின்ன மூடியைத் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் கொப்பளித்துத் திரும்பி வரும். கழிப்பறைத் தொட்டியை முதலில் இறக்கி, பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பின்னால் விட்டால் ஓஸும் ஓரளவு கழுவப்பட்டுவிடும்.

நாற்றத்துக்குப் பயந்து பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவது பெரிய ஆபத்து. சிறுநீரில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்து கண்ணையும் மூச்சையும் எரிக்கும் வாயு வரும். மேலே கழிப்பறை ஆசிட்டும் ஊற்றினால் குளோரின் வாயுவே கிளம்பும். ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் கலந்த தொட்டி மருந்தும் வேண்டாம். அது போய்ச் சேரும் செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். நொதி அல்லது நுண்ணுயிர் வகை மருந்து போதும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இறுக மூடிய தொட்டியை வெளியே வைத்தால் உள்ளே வாயு சேர்ந்து உப்பிவிடும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மூடியை மெதுவாகத் திறங்கள். கஞ்சித் தண்ணீர், கறிக்குழம்புக் கொழுப்பு இரண்டும் பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் சமையல் தொட்டியில் விழுந்தால் மறுநாளே புளித்து நாறும். பாத்திரத்தைத் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

கடைசியில் எங்கே கொட்டுவது? கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது. தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றினால் பந்தல்குடி வாய்க்கால் மாதிரி ஏதோ ஒரு வழியில் வைகைக்குத்தான் போகும். கண்மாய்க் கரையும் ஓடையும் இதைவிட மோசம், ஆடு மாடு குடிக்கிற தண்ணீர். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பக்கம் முகாம் போடுகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். தங்கும் தோப்பின் உரிமையாளரிடம் முதல் நாளே, "அண்ணே, ரெண்டு நாளைக்கு ஒருக்கா உங்க கக்கூஸ்ல ஊத்திக்கிறோம், சரியா?" என்று கேட்டுவிடுங்கள். பீங்கானில் மெதுவாக ஊற்றி, இரண்டு வாளி தண்ணீர் விட்டுக் கழுவிக் கொடுங்கள். செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே எது விழுந்தாலும் குனிந்தோ இறங்கியோ எடுக்காதீர்கள், யாரையும் இறக்கவும் செய்யாதீர்கள். அந்த விஷவாயு ஆளைக் கொல்லும், ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

குடிநீர் பிடிக்கும் ஓஸையும் கழிவு ஓஸையும் வேறு வேறு நிறத்தில் வாங்கி, வேறு வேறு பையில் போடுங்கள். கழிவுத் தொட்டியை அலசவும் குடிநீர் ஓஸைத் தொடாதீர்கள், ஒரு பழைய வாளி போதும்.