விளையாட்டுத்தனமான கேட்ஜெட் ஐடியா யோசிக்கிறது எப்படி, யோசிச்சதை கையில எடுத்து பாக்குற மாதிரி செய்யுறது எப்படி

ஒரு கேட்ஜெட்ல ஒரே ஒரு கிறுக்குத்தனம்தான் இருக்கணும், மத்தது எல்லாம் ஒழுங்கு மரியாதையா வேலை செய்யணும். இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இந்த மாதிரி ஐடியா யோசிக்க உக்காந்தா எல்லாருக்கும் ஆசை பொங்கிடும், பேசணும் ஆடணும் கலர் மாறணும் ஆப் வேணும்னு ஏத்திக்கிட்டே போவோம், கடைசில பாக்குறவங்களுக்கு அது என்ன பொருள்னே புரியாது.

ஓடிப்போற அலாரம் கடிகாரம் கேள்விப்பட்டிருப்பீங்க, கிளாக்கினு பேரு, அமெரிக்காவுல எம்ஐடி யுனிவர்சிட்டியோட மீடியா லேப்ல படிக்கும்போது கௌரி நந்தா செஞ்சது. ஸ்னூஸ் அமுக்கினா மேஜையில இருந்து குதிச்சு சக்கரத்துல உருண்டு போய் எங்கயாவது ஒளிஞ்சுக்கும், மறுபடி அடிக்கும்போது நீங்க எழுந்து தேடிப் பிடிச்சாத்தான் நிறுத்த முடியும். 2005ல அதுக்கு பொருளாதாரத்துக்கான இக் நோபல் பரிசே குடுத்தாங்க, அது நோபலை கிண்டல் பண்ணி வேடிக்கையான கண்டுபிடிப்புகளுக்கு குடுக்குற பரிசு. அதுல ஓடுறது ஒண்ணுதான் வேடிக்கை, டைம் சரியா காட்டும், அலாரம் சத்தமா அடிக்கும், கீழ விழுந்தாலும் உடையாது. 1996ல வந்த தமகோச்சிங்கிற ஜப்பான் பொம்மையும் அதே கதைதான், சின்ன ஸ்கிரீன், மூணு பட்டன், என்னை கவனிச்சுக்கோன்னு கெஞ்சுற ஒரு குட்டி ஜீவன், அவ்வளவுதான். ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து முழுசா செஞ்சதாலதான் இதெல்லாம் மனசுல நிக்குது.

சரி ஐடியா எங்க இருந்து வரும்? எனக்கு நல்லா வேலை செய்யுற வழி ரெண்டு லிஸ்ட் போடுறது. ஒரு பக்கம் தினமும் கை படுற பொருளை எழுதுங்க, லேம்ப், நாற்காலி, ரிமோட், பவர்பேங்க், குடை, புக் ஷெல்ஃப். இன்னொரு பக்கம் மனுஷங்க குணத்தை எழுதுங்க, கோவிச்சுக்கிறது, வெக்கப்படுறது, சோம்பல் முறிக்கிறது, பொறாமைப்படுறது, தொண்டையை செருமுறது, கொட்டாவி விடுறது. இப்ப அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு கோத்துப் பாருங்க. வெக்கப்படுற லேம்ப்னா கிட்ட போனா மங்கி, தள்ளி வந்தா பிரகாசமாகும், அதுக்கு 2 சென்டிமீட்டர்ல இருந்து 4 மீட்டர் வரைக்கும் தூரம் அளக்குற அல்ட்ராசோனிக் சென்சார் ஒண்ணு போதும். சோம்பல் முறிக்கிற நாற்காலி, ஒரு மணி நேரம் எழுந்திரிக்காம உக்காந்திருந்தா முதுகுப் பக்கம் மெதுவா அதிர்ந்து நீயும் எழுந்து கையை நீட்டுன்னு ஞாபகப்படுத்தும். பொறாமைப்படுற புக் ஷெல்ஃப், ரொம்ப நாளா தொடாத புத்தகத்துக்கு பின்னாடி மட்டும் ஒரு சின்ன எல்இடி எரியும். சார்ஜ் தீரப்போகும்போது கொட்டாவி விடுற பவர்பேங்க். இப்படி ஒரு பக்கம் ரொப்புறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது, அதுல முக்காவாசி குப்பையா இருக்கும், பரவாயில்ல, அதுக்குத்தான் லிஸ்ட்.

ஆனா பிரயோஜனம் இல்லன்னு தோணுறதை உடனே அடிச்சிடாதீங்க. ஜப்பான்ல கென்ஜி கவகாமின்னு ஒருத்தர் சிந்தோகுன்னு ஒரு கலையையே உருவாக்கினார், பிரச்சனையை தீர்க்கிற மாதிரியே இருக்கும் ஆனா அதை வெச்சுக்கிட்டு வெளிய நடமாட முடியாது, அந்த ஜாதி கண்டுபிடிப்புகள். விக்கக் கூடாது, பேட்டன்ட் வாங்கக் கூடாது, ஆனா நிஜமாவே செஞ்சு காட்டணும்னு அதுக்கு விதியே உண்டு. 1995ல வந்த உருப்படாத கண்டுபிடிப்புகள் தொகுப்பு ஒண்ணுல, கேமராவை குச்சில மாட்டி தன்னைத்தானே படம் எடுக்குற சாமானும் இருந்துச்சு, இன்னைக்கு அதுக்கு செல்ஃபி ஸ்டிக்னு பேரு. அதனால அடிக்கிறதுக்கு பதிலா ஒரு ஓரத்துல வெச்சிடுங்க.

வடிகட்ட நான் வெச்சிருக்குற கேள்வி ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, யாரும் விளக்கம் சொல்லாம பாக்குறவங்களுக்கு அஞ்சு செகண்ட்ல புரியுமா? கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் மார்வின் மின்ஸ்கி யோசிச்சு, 1952ல கணித மேதை கிளாட் ஷானன் அமெரிக்காவுல பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல செஞ்ச பெட்டி இதுக்கு உச்சம்னு சொல்லுவேன், சுவிட்சை போட்டா மூடி திறந்து உள்ள இருந்து ஒரு கை வந்து அந்த சுவிட்சையே அணைச்சிட்டு திரும்ப உள்ள போயிடும். அதைப் பாத்து யாரும் மேனுவல் கேக்க மாட்டாங்க. ரெண்டாவது கேள்விதான் கஷ்டமானது, இருபதாவது தடவையும் இது சகிக்குமா? இதுல என்னோட தீர்ப்பு இதுதான்: சத்தம்தான் சீக்கிரம் சலிக்கும், அசைவு கொஞ்ச நாள் தாங்கும், வெளிச்சம்தான் ரொம்ப நாள் தாங்கும். சத்தம் போடுற ஐடியாவா இருந்தா அது எப்ப வாயை மூடும்ங்கிறதை முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் எப்ப வாயை திறக்கும்னு யோசிங்க.

பிடிச்ச ஐடியா ஒண்ணு கிடைச்சிடுச்சா, உடனே சாலிடரிங் அயர்னை தூக்காதீங்க. முதல்ல பொய்யா செஞ்சு பாருங்க. பாம் பைலட்ங்கிற கையடக்க கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி அதை யோசிச்ச ஜெஃப் ஹாக்கின்ஸ் அந்த சைஸ்ல ஒரு மரக்கட்டையை வெட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டு சுத்தினார், யாராவது சந்திக்க டைம் கேட்டு வந்தா கட்டையை எடுத்து குச்சியால தட்டி காலண்டர் பாக்குற மாதிரியே நடிப்பார், எதுக்கு உண்மையிலேயே கை போகுது எதுக்கு போகலைங்கிறது அதுலயே தெரிஞ்சிடும். உங்க ஐடியா பேசுற ஜாதியா இருந்தா சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை அந்தப் பொருளுக்குள்ள மறைச்சு வெச்சுட்டு பக்கத்து ரூம்ல இருந்து நீங்களே போன்ல சத்தத்தை ப்ளே பண்ணுங்க. ஒரு சாயங்காலம் இப்படி ஓட்டினா போதும், எவ்வளவு இடைவெளி விட்டு சத்தம் வந்தா சிரிக்கிறாங்க, எப்ப முகம் சுளிக்கிறாங்கன்னு தெளிவா தெரியும். புரோகிராம் எழுத ஆரம்பிச்சுட்டா அதை தூக்கிப் போட மனசு வராது, ஸ்பீக்கரை எடுத்துடுறது ஈஸி.

இப்ப ஒரு ஐடியாவை எடுத்து கடைசி வரைக்கும் போவோம். சோபா குஷனுக்கு அடியில மாட்டிக்கிட்ட ரிமோட், கொஞ்ச நேரம் பொறுமையா இருந்து பாத்துட்டு, யாரும் தேடி வரலேன்னா தொண்டையை செருமுது. ஹ்ம்ம். அவ்வளவுதான் அதோட வேலை. ரிமோட்டுக்கு பின்னாடி ஒட்டிக்கிற ஒரு சின்ன டப்பாவா செஞ்சா போதும், ரிமோட்டை பிரிக்க வேணாம்.

இதுக்கு வேண்டியது புரோகிராம் போட்டு ஓட்டுற குட்டி கம்ப்யூட்டர் மாதிரி ஒரு இஎஸ்பி32 போர்டு, வெளிச்சத்தை பாக்க ஒரு எல்டிஆர், ஆட்டுறதை பாக்க ஒரு ஸ்பிரிங் வைப்ரேஷன் சுவிட்ச், சத்தத்துக்கு எம்பி3 ப்ளே பண்ணுற டிஎஃப்பிளேயர் மினி மாட்யூலும் காசு சைஸ் ஸ்பீக்கரும், ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. பீப் அடிக்கிற பியசோ பஸர் வேணாம், அது செருமாது, கத்தும். மெமரி கார்டுல உங்க குரல்லயே செருமலை ரெக்கார்ட் பண்ணி எம்பி3யா போடுங்க, நாலஞ்சு விதமா போடுங்க, மாத்தி மாத்தி வந்தாத்தான் உயிர் இருக்குற மாதிரி இருக்கும்.

எல்டிஆர்ல வெளிச்சம் குறைஞ்சா ரெசிஸ்டன்ஸ் ஏறும், போர்டால அதை அப்படியே படிக்க முடியாது, அதனால 3.3 வோல்ட்ல இருந்து எல்டிஆர், அங்க இருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியா கிரவுண்ட், அதாவது மைனஸ் பக்கம், ரெண்டும் சேர்ற இடத்துல இருந்து ஒரு வயர் போர்டுல வோல்ட்டேஜை அளக்குற அனலாக் பின்னுக்கு. 0ல இருந்து 4095 வரைக்கும் ஒரு நம்பர் வரும், வெளிச்சம் அதிகம்னா நம்பர் அதிகம். உங்க ரூம்ல லைட் எரியும்போது என்ன வருது, குஷனுக்கு அடியில என்ன வருதுன்னு குறிச்சுக்கிட்டு நடுவுல ஒரு நம்பரை எல்லையா வெச்சுக்கோங்க, அதுக்கு கீழன்னா இருட்டு.

இங்கதான் அசல் பிரச்சனை. ராத்திரி லைட்டை அணைச்சாலும் இருட்டுதானே, அப்ப ஊரே தூங்கும்போது டீப்பாய் மேல இருந்து இது செருமிக்கிட்டே இருக்குமா? இதை இப்படி தீக்கலாம். லைட்டை அணைக்கும்போது ரிமோட் ஆடாது, குஷனுக்குள்ள போகும்போது ஆடும். அதனால போர்டை டீப் ஸ்லீப்ல, அதாவது கிட்டத்தட்ட கரண்டே இழுக்காத நிலையில, தூங்க விட்டுடுங்க, வைப்ரேஷன் சுவிட்ச் மட்டும் அதை எழுப்பட்டும். எழுந்ததும் மூணு செகண்ட் வெளிச்சத்தை பாக்கணும், அதுக்குள்ள வெளிச்சத்துல இருந்து இருட்டுக்கு போயிடுச்சுன்னா புதைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். அப்ப மட்டும் டைமர் வெச்சு பத்து நிமிஷம் தூங்கிட்டு மறுபடி எழுந்து பாக்கணும், இன்னும் இருட்டு, நடுவுல யாரும் ஆட்டலை, அப்பதான் ஒரு ஹ்ம்ம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு மொத்தம் ஆறு தடவை, அதுக்கு மேல மௌனம். டிராயர்ல வெச்சு மூடினாலும் ஆறோட முடிஞ்சிடும். கையில எடுத்து வெளிச்சத்துக்கு வந்ததும் கணக்கு பழையபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒண்ணு கவனிங்க, டீப் ஸ்லீப்ல இருந்து எழுந்தா போர்டு மத்தது எல்லாத்தையும் மறந்துடும், எத்தனை தடவை செருமினோம்ங்கிற கணக்கை, தூங்கும்போதும் அழியாத ஆர்டிசி மெமரிங்கிற இடத்துல வெச்சாத்தான் நிக்கும். சுவிட்சும் சும்மா இருக்கும்போது ஓப்பனா இருக்குற ஜாதியா பாத்து வாங்குங்க, உருளை பந்து போட்ட டில்ட் சுவிட்சை வெச்சா ரிமோட் ஏதோ ஒரு பக்கம் சாஞ்சு கிடக்கும்போது மூடியே இருக்கும், போர்டு தூங்கவே தூங்காது, தூங்கப் போன உடனே எழுந்துக்கும்.

பேட்டரி விஷயத்துல கவனமா இருங்க. டிஎஃப்பிளேயர் சும்மா இருக்கும்போதே 20 மில்லியாம்ப் பக்கம் இழுக்கும், அப்படியே விட்டா 1000 மில்லியாம்ப்அவர் பேட்டரி ரெண்டு நாள் சொச்சத்துல காலி, அதனால போர்டே போட்டு அணைக்கிற சுவிட்ச் மாதிரி ஒரு மாஸ்ஃபெட் வெச்சு செருமுற நேரம் மட்டும் அதுக்கு கரண்ட் குடுங்க. போர்டு மேல இருக்குற பவர் எல்இடியும் நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா குடிச்சுக்கிட்டே இருக்கும், அதையும் எடுத்துடுறது நல்லது. சிஆர்2032 காயின் செல் இதுக்கு சரிப்படாது, அதுல இருக்குறதே 220 மில்லியாம்ப்அவர் பக்கம்தான், ஸ்பீக்கர் கேக்குற அளவுக்கு கரண்ட்டை ஒரே மூச்சுல அதால தர முடியாது. வேற ஐடியாவுக்கு காயின் செல் போடுறதா இருந்தா மூடியை ஸ்க்ரூ போட்டே மூடுங்க, குழந்தைங்க முழுங்கினா உணவுக்குழாய்ல மாட்டி ரெண்டு மணி நேரத்துலயே உள்ள புண்ணாக்கிடும், இதுல சமரசமே கிடையாது. லித்தியம் பேட்டரியை அதுக்கான சார்ஜிங் மாட்யூல், பாதுகாப்பு சர்க்யூட் இல்லாம சார்ஜ் பண்ணாதீங்க.

அசைவு உள்ள ஐடியா எடுத்தீங்கன்னா ஒரு எச்சரிக்கை, சர்வோ மோட்டார் கிளம்புற அந்த நொடியில நிறைய கரண்ட் இழுக்கும், போர்டுக்கு வோல்ட்டேஜ் விழுந்து ரீசெட் ஆகிடும், நீங்க புரோகிராம்ல தப்பு தேடிக்கிட்டு இருப்பீங்க. மோட்டாருக்கு தனியா பவர் குடுத்து கிரவுண்டை மட்டும் ஒண்ணா சேருங்க, பக்கத்துல ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைங்க. சாமான் வாங்குறதுக்கு முன்னாடியே பாக்கணும்னா வோக்வி மாதிரி பிரவுசர்ல ஓடுற சிமுலேட்டர்ல முக்காவாசியை ஓட்டிப் பாத்துடலாம். டப்பாவுக்கு முதல்ல அட்டை, அது ஒத்து வந்தப்புறம் 3டி பிரிண்ட்.

இன்டர்நெட் இல்லாம முடியும்னா இல்லாமயே செய்யுங்க. நபாஸ்டாக்னு 2005ல பிரான்ஸ்ல இருந்து ஒரு முயல் பொம்மை வந்துச்சு, வைஃபைல கனெக்ட் ஆகி காதை ஆட்டி செய்தி எல்லாம் சொல்லும், அவ்வளவு அழகு. 2011ல சர்வரை நிறுத்தினதும் வீட்டுல இருந்த முயல் எல்லாம் ஊமையாயிடுச்சு, அப்புறம் அதை விரும்பினவங்களே வேற சர்வர் எழுதி உயிர் குடுக்க வேண்டியதாப் போச்சு. செருமுறதுக்கு சர்வர் எதுக்கு.

குணத்தை செதுக்குறதுக்கு நேரம் ஒதுக்குங்க, எனக்கு இதுலதான் சந்தோஷமே. தொட்டா திரும்பிப் பாக்குற பொருள் 0.1 செகண்டுக்குள்ள அசைஞ்சாத்தான் தொட்டதுக்கு பதில் சொல்லுதுன்னு தோணும். அதுவே கோவத்துல இருக்குற பொருள்னா ஒரு செகண்ட் வேணும்னே தாமதிக்கணும், அந்த ஒரு செகண்ட்தான் கோவம். வெளிச்சம் மங்குறது படார்னு இல்லாம இறங்கணும். எல்லா தடவையும் ஒரே இடைவெளி விடாம கொஞ்சம் முன்ன பின்ன ராண்டம் சேத்துடுங்க. ஆஃப் சுவிட்ச் கண்டிப்பா வெளியில தெரியுற மாதிரி இருக்கட்டும், அணைக்க முடியாத வேடிக்கை தொல்லைதான்.

முடிச்சதும் ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு ஒரு வாரம் கேள்வியே கேக்காதீங்க. நல்லா இருக்கான்னு கேட்டா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க, உங்க முகத்துக்கு நேரா வேற என்ன சொல்லுவாங்க. அணைச்சு வெச்சிருக்காங்களா, வந்த ஆளுங்ககிட்ட எடுத்து காட்டினாங்களா, பேட்டரி தீந்தப்ப அவங்களாவே சார்ஜ் போட்டாங்களா, இதைப் பாருங்க. அணைச்சு வெச்சிருந்தா செருமலை எடுத்துட்டு அதே இடத்துல மெதுவா எரிஞ்சு அணையுற ஒரு எல்இடியை குஷன் ஓரத்துல தெரியுற மாதிரி வெச்சு திரும்ப குடுங்க, அதுவும் வேலைக்கு ஆகலேன்னா போர்டை கழட்டி லிஸ்ட்ல அடுத்த ஐடியாவுக்கு போடுங்க.