கல்யாண மண்டபத்தில் ஒன்றரை நாள்: புலன்கள் சட்டென உறைக்கிறவர்களுக்கு ஒரு திட்டம்

பத்திரிகை கைக்கு வந்ததும் முகூர்த்த நேரத்தை எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். சத்தமும் வெளிச்சமும் வாசனையும் மற்றவர்களைவிட அதிகமாக உறைக்கிறவர்கள் இன்னும் இரண்டு இடங்களைப் படிக்க வேண்டும்: வரவேற்பு எத்தனை மணிக்கு, அதன் கீழே இன்னிசைக் கச்சேரி, டிஜே என்று ஏதாவது அச்சாகியிருக்கிறதா. அந்த ஒன்றரை நாள் எப்படிப் போகும் என்பது அந்த இரண்டு வரியிலேயே பாதி தெரிந்துவிடும்.

இந்தச் சுபாவத்தை எலைன் ஏரன், ஆர்தர் ஏரன் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதி 1997-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்து, அதை அளக்க 27 கேள்விகளையும் வெளியிட்டார்கள். பலத்த சத்தம், முரட்டுத் துணி, காபி, பசி, யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது வேலை செய்வது என்று அந்தக் கேள்விகள் போகும். கல்யாண மண்டபத்தை மனதில் வைத்தே எழுதியதுபோல இருக்கும். இது நோய் இல்லை. கூச்சமும் இல்லை: இப்படிப்பட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேர் கூட்டத்தை விரும்பும் எக்ஸ்ட்ரோவர்ட்டுகள் என்பது எலைன் ஏரனின் கணிப்பு.

எல்லா ஏற்பாட்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். சத்தம், வெளிச்சம், வாசனை, பசி, தூக்கக் குறைவு, உறவினர் கேள்வி என எல்லாமே ஒரே கணக்கில் போய்ச் சேர்கின்றன. கச்சேரி சத்தத்தை நீங்கள் குறைக்க முடியாது. ஆனால் வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு, உறுத்தாத சட்டையில் போனால் அதே சத்தத்தை இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தாங்கலாம்.

வரவேற்புக்குச் சீக்கிரம் போங்கள்

6.30 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் பொண்ணு மாப்பிள்ளை மேடையேற 7, 7.15 ஆகும். நெரிசலின் உச்சம் 8 முதல் 9 வரை. 6.45-க்கு உள்ளே போனால் மேடைக்கு வரிசை நீளாது, முதல் பந்தியில் இடம் கிடைக்கும், பாட்டுக் குழு இன்னும் "மைக் டெஸ்டிங்" சொல்லிக்கொண்டிருக்கும். கவர் கொடுத்து, படம் எடுத்து, சாப்பிட்டு 8.15-க்கு வெளியே வந்துவிடலாம். "லேட்டா வந்தா கூட்டம் கலைஞ்சிருக்கும்" என்று 9 மணிக்குப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாட்டு சூடு பிடிக்கும் நேரம் அது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறதே என்று நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், மூடிய அரங்குகளுக்குள் நடப்பதை அந்தத் தடையிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன.

சத்தம்

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு இது: 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம், அதன்மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 94-ல் 1 மணி நேரம், 100-ல் 15 நிமிடம். இது காது கெடாமல் இருப்பதற்கான கணக்கு. சோர்வு அதற்கு வெகு முன்பே வந்துவிடும். செல்போனில் இலவச டெசிபல் மீட்டர் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டால் துல்லியமாக இல்லாவிட்டாலும் எந்த நாற்காலி மோசம், எது தேவலை என்று ஒப்பிட உதவும்.

ஸ்பீக்கர்கள் வழக்கமாக மேடையின் இரண்டு பக்கமும் நிற்கும். முன் ஐந்து வரிசையின் ஓரங்கள் வேண்டவே வேண்டாம். அதற்காகக் கடைசி வரிசைக்கு ஓடி சுவரோடு சாய்ந்து உட்காருவதும் தவறு. சுவர் ஓரத்திலும் மூலையிலும் 'தும் தும்' என்ற அடிச்சத்தம் தேங்கி நெஞ்சில் இடிக்கும். மண்டபத்தின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், சுவரிலிருந்து நாலைந்து நாற்காலி உள்ளே தள்ளி, வெளியே போக வழியுள்ள வரிசையின் ஓரத்தில் உட்காருங்கள். நடுப் பாதையை ஒட்டிய இருக்கைகளில் வீடியோகாரரின் விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும்.

காது அடைப்பான் வாங்கும்போது இரண்டு வகை உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைப் பஞ்சு வகை மலிவு, சத்தத்தை நன்றாகக் குறைக்கும். ஆனால் மேல்சுரங்களை அதிகமாக வெட்டுவதால் பேச்சு குழறலாகக் கேட்கும். இசைக்கலைஞர்கள் போடும் சிலிக்கான் வகை எல்லாச் சுரத்தையும் ஏறக்குறைய சமமாக 15 முதல் 20 டெசிபல் குறைக்கும், பேசிக்கொண்டே இருக்கலாம். விலை கூடத்தான், ஆனால் உறவுக் கூட்டத்துக்கு இதுவே சரி. நுரை வகையைப் போடும் முறை: விரலால் உருட்டி மெல்லிய குச்சிபோல ஆக்கி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, விரியும்வரை 20 முதல் 30 விநாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி செருகிவிட்டு "இது வேலையே செய்யல" என்பவர்கள்தான் அதிகம்.

காது அடைத்திருக்கும்போது சொந்தக் குரல் பெரிதாகக் கேட்கும், அதனால் நம்மை அறியாமல் மெதுவாகப் பேசுவோம், எதிரில் இருப்பவர் "என்ன?" என்று குனிவார். சற்று உரக்கப் பேசப் பழகுங்கள். அமைதியான இடத்துக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். சத்தமே இல்லாத நேரத்திலும் மாட்டிக்கொண்டே இருந்தால் காது இன்னும் கூச ஆரம்பிக்கும்.

காலையில் நாதஸ்வரமும் தவிலும். தொடர்ந்து வாசிப்பதைவிடத் திடீரென்று வெடிக்கும் கெட்டிமேளம்தான் தூக்கிவாரிப்போடும். அதற்கு முன்னெச்சரிக்கை உண்டு: ஐயரோ பெரியவர் யாராவதோ கையை உயர்த்தி ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்பார். தாலியைப் பார்க்கும் ஆவலில் இருந்தாலும் ஒரு கண் அந்தக் கையில் இருக்கட்டும். எல்லோரும் அட்சதைக்குக் கை தூக்கும் நேரத்தில் நீங்கள் காதைப் பொத்தினால் யாரும் கவனிக்கப்போவதில்லை.

உடுத்துவதும் சூடுவதும்

புதுச் சட்டையை இரண்டு தடவை அலசிவிடுங்கள், கஞ்சி போகும். கழுத்துப்பட்டியின் உள்ளே இருக்கும் லேபிளைக் கத்தரியால் வெட்டினால் மிச்சமிருக்கும் நறுக்கு முன்பைவிட அதிகமாகக் குத்தும். தையலைப் பிரித்து முழுதாக எடுங்கள். பட்டுப்புடவைக்கான பிளவுஸில் ஜரிகை பார்டர் கைமேல் உரசும் இடத்தில் உள்ளே பருத்தி லைனிங் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்; இதை அளவு கொடுக்கும்போதே சொல்ல வேண்டும், தைத்த பிறகு பிரிப்பது பெரிய வேலை.

மல்லிகை இரவு ஏற ஏற விரிந்து மணக்கும். 6 மணிக்கு இதமாக இருந்த சரம் 9 மணிக்குத் தலைவலியாகும். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கனகாம்பரம் இருக்கிறது: நிறம் உண்டு, மணம் கிடையாது. ஓமம் வளர்க்கும் கல்யாணமாக இருந்தால் ஏசி போட்ட மூடிய மண்டபத்தில் புகை மேலே போய்ப் பரவி நிற்கும். வாசல் பக்கம் உட்காருங்கள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், அன்று கண்ணாடி போதும்.

வயிறு

சாப்பாட்டுக்குத்தான் போகிறோம் என்று பசியோடு கிளம்பாதீர்கள். பந்திக்குக் காத்திருக்கும் முக்கால் மணி நேரம்தான் பலருக்குப் பொறுமை உடையும் இடம். கிளம்பும் முன் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ போதும். உடலில் சேரும் காஃபீனில் பாதி வெளியேறவே 5 மணி நேரம் போல ஆகும். மாலை 6 மணி வரவேற்புக் காபி இரவு 11-க்கும் உள்ளே இருக்கும், மறுநாள் 4.30-க்கு எழ வேண்டும். அதனால் இரவு பாலோ சுக்குக் காபியோ கேளுங்கள்; சுக்குப் பொடியோடு காபித்தூளும் சேர்ப்பார்களா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் நம் நாற்காலிக்குப் பின்னால் இடம் பிடிக்க ஒருவர் நிற்பார். ரசம் வரும்போதே அவர் மூச்சு கழுத்தில் படும். முதல் பந்தி என்றால் இந்தத் தொல்லை குறைவு. இல்லையென்றால் சுவர் பக்கம் முதுகு வரும் வரிசையைத் தேடுங்கள்.

கேள்விகளும் பதில்களும்

மூன்று பதில்களை வீட்டிலேயே தயார் செய்துகொள்வது நல்லது. களைப்பில் பதில் தேடும்போதுதான் வேண்டாததை உளறிவிடுகிறோம்.

"ஏன்டா டல்லா இருக்க?" என்றால், "ஒண்ணுமில்ல அத்தை, நேத்து தூக்கம் சரியில்ல." கல்யாணப் பேச்சு எடுத்தால், "பாத்துட்டுத்தான் இருக்காங்க மாமா. உங்க பேத்தி இப்ப எத்தனாவது?" கேட்டவர்கள் பெரும்பாலும் தங்கள் கதையைச் சொல்லத்தான் காத்திருக்கிறார்கள். எழுந்து போக, "சித்தி, கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வரேன்." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உணர்திறன், நரம்பு மண்டலம் என்று அங்கே பாடம் எடுத்தால் அதையும் ஒரு வியாதியாக்கி வைத்தியம் சொல்வார்கள்.

ஏதாவது ஒரு வேலையை வாங்கிக்கொள்வது நல்ல தந்திரம், வேலை சரியானதாக இருந்தால். வாசலில் பன்னீர் தெளிக்க நிற்காதீர்கள். மொய் எழுதுவதும் எச்சரிக்கையாகச் செய்ய வேண்டியது: பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கப் பணம் எண்ணினால் தப்பு வரும். எண்ண ஒருவர், எழுத நீங்கள் என்றால் சரி. எல்லாவற்றிலும் மேலானது ஸ்டோர் ரூமில் தாம்பூலப் பை போடுவது. தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் என்று கை தானாக ஓடும், பக்கத்தில் இரண்டு பேர் இருப்பார்கள், ஸ்பீக்கர் கிடையாது.

இடைவேளை

50 நிமிடம் உள்ளே, 10 நிமிடம் வெளியே என்று ஆரம்பத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாமல் போன பிறகு எடுக்கும் 10 நிமிடத்தால் ஒன்றும் ஆகாது. அப்போது ஒரு மணி நேரம் வேண்டியிருக்கும். மணமகள் அறை ஒதுங்க ஏற்ற இடமே இல்லை, அங்கே ஹேர் ஸ்ப்ரேயும் பத்துப் பேரும் இருப்பார்கள். கார், மொட்டை மாடிப் படிக்கட்டு, பக்கத்துக் கோயில் பிராகாரம் நல்லவை. போனைத் திறக்காதீர்கள், கண்ணுக்கு அது இன்னொரு மேடை. மணிக்கட்டைக் குளிர்ந்த நீரில் நனைத்து, 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுங்கள்.

எக்ஸ்ட்ரோவர்ட்டுகள் இந்த இடைவேளையைத்தான் தவற விடுவார்கள். சந்தோஷமாக இருப்பதால் களைப்பு தெரியாது. அடையாளங்கள் மூன்று: சொந்தக் குரல் உயர்வது, எதிரில் பேசுபவரின் வார்த்தை ஒன்றிரண்டு விட்டுப்போவது, வழக்கமான கேலி திடீரென்று சுடுவது. மூன்றாவது வந்துவிட்டால் உடனே கிளம்ப வேண்டும். இவர்களுக்குத் தனியறை தண்டனை. இருபது பேரிடமிருந்து பிரிந்து, பிடித்த ஒரு அக்காவோடு வெளியே டீ குடித்தால் தெளிந்துவிடுவார்கள். கூட வருபவரிடம் கிளம்பும் நேரத்தையும் ஒரு சைகையையும் முன்பே பேசிவையுங்கள்.

அன்றிரவே பஸ் ஏறி மறுநாள் காலை ஆபீஸ் போகும் திட்டம் வேண்டாம். அரை நாளாவது லீவு சொல்லுங்கள். காதில் இரைச்சல் மறுநாளும் நின்றாலோ, இதுவரை இல்லாத சத்தக் கூச்சம் புதிதாக வந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அது சுபாவம் சார்ந்ததாக இருக்காது.

கல்யாணமே உங்களுடையது என்றால்

இங்கே தப்பித்துப் போக முடியாது, அதனால் பேரத்தை முன்கூட்டியே முடிக்க வேண்டும். ஒலியமைப்பாளரிடம் நேராகப் பேசுங்கள். "சத்தத்தைக் குறைங்க" என்றால் தலையாட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடுவார். "அண்ணா, மேடையைப் பாத்து இருக்கிற மானிட்டரை மட்டும் அந்தப் பக்கம் திருப்பி வைங்க" என்றால் செய்து தருவார், திருப்பிய ஸ்பீக்கர் திரும்பியபடியே இருக்கும். அலங்காரக்காரரிடம் இருக்கைக்குப் பின்னால் சம்பங்கி வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். உடை மாற்றும் இடைவெளியில் 15 நிமிடம் கூடுதலாகக் கேட்டு, அதில் 10 நிமிடம் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். வாசலில் நிற்க விவரமான ஒருவர் வேண்டும். அத்தைகளுக்கு "இல்லை" சொல்லத் தெரிந்த தோழியோ மச்சானோ. அறைச் சாவி அவரிடம் இருக்கட்டும், மாமாக்களிடம் கொடுத்தால் கடைசி நிமிடத்தில் சாவியும் இருக்காது, மாமாவும் இருக்க மாட்டார்.