மால்குடியைத் தேடி ஆகும்பே போகிறவர்கள் செய்யும் தவறுகள்

'மால்குடி டேஸ்' டிவி தொடரை எடுத்த கர்நாடக மலை ஊர் ஆகும்பே. போன டிசம்பரில் அதன் கடைத்தெருவில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வேன் வந்து நின்றது. தமிழ்க் குடும்பம். இறங்கிய பெரியவர் நேரே கடைக்காரரிடம் போய், "மால்குடி ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கடைக்காரருக்கு 'ஸ்டேஷன்' மட்டும்தான் காதில் விழுந்தது போலிருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் திசையைக் காட்டினார். பெரியவர் பேரக்குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். டம்ளரை வைத்துவிட்டு ஓடிப்போய் அவரை நிறுத்தினேன். 2012இல் என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு இதே தெருவில் இதே கேள்வியோடு அலைந்தவன் நான்.

அதன்பிறகு பெங்களூரிலிருந்து கிட்டத்தட்ட வருடம் ஒருமுறையாவது ஆகும்பே போகிறேன். நண்பர்கள், உறவினர்கள், அலுவலகத்தில் கூட வேலை செய்கிறவர்கள் என்று பலரை அழைத்துப் போயிருக்கிறேன். முன்கூட்டி அறை பிடியுங்கள், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். திரும்பத் திரும்ப நடப்பதாக நான் பார்க்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மால்குடி முழுவதும் ஒரே ஊரில் இருக்கிறது என்று நம்புவது

மற்ற தவறுகளால் ஒரு மணி நேரம் போகும், அல்லது கொஞ்சம் பணம் போகும். இதில் மொத்தப் பயணமும் போய்விடும்.

எங்கள் வீடு திருச்சியில். 'மால்குடி டேஸ்' 1986இல் தூர்தர்ஷனில் வரத் தொடங்கியபோது தெருவில் இரண்டு வீட்டில்தான் டிவி இருந்தது. ஹிந்தி யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கதையின் சிறுவன் சுவாமியாக வந்த மாஸ்டர் மஞ்சுநாத்தின் முகமும், அப்பாவாக வந்த கிரிஷ் கர்னாட் கண்ணாடிக்கு மேலே பார்க்கும் பார்வையும் போதும். ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த படங்களோடு எல். வைத்தியநாதனின் இசை தொடங்கியதும் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த வீட்டுக் கூடத்தில் இருப்போம். அந்த இசையை என் அப்பா கடைசிவரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். தொடரில் ரயில் வந்தால் கதையை விட்டுவிடுவார். "மீட்டர் கேஜ் வண்டிடா" என்பார். நண்பன் ராஜம் ஊரைவிட்டுப் போகும்போது சுவாமி ஸ்டேஷனுக்கு ஓடி வந்து வழியனுப்பும் இடம்தான் அவருக்கு மால்குடி. அதனால் 2012இல், "எங்கே போகணும் சொல்லுங்கப்பா, கூட்டிப் போகிறேன்" என்று நான் கேட்டபோது, கோயில் குளம் எதையும் அவர் சொல்லவில்லை. "அந்த ஸ்டேஷனைப் பார்க்கணும்" என்றார்.

மால்குடி டேஸ் எடுத்த ஊர் ஆகும்பே. இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. ஊர் அங்கே என்றால் ஸ்டேஷனும் அங்கேதானே இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தவரும், "மால்குடி ஸ்டேஷனா? போய்ப் பார்த்துக்கலாம் சார்" என்றார். உடுப்பியில் ரயிலை விட்டு இறங்கி, சுமார் 55 கிலோமீட்டர் மலைப்பாதை ஏறி, பதினோரு மணிக்கு ஆகும்பே போய்ச் சேர்ந்தோம்.

ஆகும்பேயில் ரயிலே கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில், அடர்ந்த காட்டுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் அது. அன்று மூன்று பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் உடுப்பிக்குத் திரும்பிப் போகச் சொன்னார்கள். மூன்றாமவர் பள்ளி ஆசிரியர். அவர்தான் பொறுமையாக விளக்கினார். தெருக்களும் வீடும்தான் இங்கே எடுத்தது. ஸ்டேஷன் என்று காட்டியது அரசாளு என்ற ஊரில். அது சிவமொக்காவிலிருந்து தாளகுப்பா போகும் பாதையில் இருக்கிறது. இங்கிருந்து போக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அன்று மாலை உடுப்பியில் எங்களுக்குத் திரும்பும் ரயில். அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். "சரி விடு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். அடுத்த தடவை அமையவில்லை. இரண்டு வருடத்தில் அவருடைய முழங்கால் படி ஏற விடவில்லை. அப்புறம் அவரே இல்லை.

அந்த நாளை நினைத்தால் இன்னமும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயம். இத்தனை வருடம் கழித்தும் பயண ஏற்பாட்டாளர்கள் ஆகும்பே படத்தைப் போட்டு, கீழே ஸ்டேஷன் படத்தையும் ஒட்டி, 'ஒரே நாளில் மால்குடி' என்று விற்பதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றும் யோசித்திருக்கிறேன். மால்குடி, இந்தக் கதைகளை எழுதிய ஆர்.கே. நாராயண் மனத்தில் கட்டிய ஊர். அவர் 1906இல் சென்னையில் பிறந்தவர், பிறகு மைசூரில் வாழ்ந்தவர். முதல் நாவலை எழுத உட்கார்ந்தபோது அவர் கண்ணில் முதலில் தெரிந்தது ஒரு சின்ன ரயில் நிலையமும், அதன் பிளாட்பாரத்தில் ஓடும் சுவாமிநாதன் என்ற சிறுவனும்தான் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பெங்களூர் மல்லேஸ்வரத்தையும் லால்குடியையும் சேர்த்துத்தான் மால்குடி என்று எங்கள் ஊர்ப்பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கும் லால்குடியில் உறவுக்காரர்கள் உண்டு, ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாராயண் அந்தப் பெயர் தானாகத் தோன்றியது என்ற அளவில்தான் சொல்லியிருக்கிறார். இப்படி வரைபடத்தில் இல்லாத ஊரை இயக்குநர் சங்கர் நாக் பல இடங்களிலிருந்து எடுத்துக் கோத்தார். திரையில் சுவாமி வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரே மூச்சில் ஓடிவிடலாம் என்று தோன்றுகிறது. நிஜத்தில் நடுவே ஒரு மாவட்டத்தின் பாதி கிடக்கிறது.

ஆகவே உடுப்பி வழியாகப் போகாதீர்கள். ரயிலில் சிவமொக்கா போய் இறங்குங்கள். அங்கிருந்து அரசாளு சுமார் 35 கிலோமீட்டர். அங்கே பழைய ஸ்டேஷன் கட்டடம் பல வருடம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 2020இல் அதைச் சீர்செய்து மால்குடி அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்தவர் ஜான் தேவராஜ். தொடருக்குக் கலை இயக்கம் செய்த அதே மனிதர், முப்பது வருடத்துக்கு மேல் கழித்து வந்து அதே கட்டடத்தை மீட்டிருக்கிறார். ஓட்டுக்கூரை, கதாபாத்திரங்களின் உருவச்சிலைகள், பக்கத்தில் ரயில் பெட்டியிலேயே ஒரு தேநீர்க் கடை. மீட்டர் கேஜ் தண்டவாளம் மட்டும் இல்லை, அது அகல ரயில் பாதையாகிவிட்டது. காலையில் அரசாளுவைப் பார்த்துவிட்டு, தீர்த்தஹள்ளியில் சாப்பிட்டு, மாலைக்குள் ஆகும்பே போய்விடலாம். எந்த வண்டி அரசாளுவில் நிற்கும் என்று அந்தந்தச் சமயத்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டால் ரயிலிலேயே போய் இறங்கலாம். அது இன்னும் நல்லது. மால்குடிக்கு ரயிலில் போய் இறங்குவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டிசம்பரில் பார்த்த பெரியவருக்கு மறுநாளும் விடுமுறை இருந்தது. வழியை எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஸ்டேஷன் பெஞ்சில் தாத்தாவும் பேத்தியும்.

ஜூலையில் போவது

ஆகும்பேயில் வருடத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. சென்னைக்கு 1,400 சொச்சம். நாம் மழை என்று சொல்வதற்கும் அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெய்வதற்கும் சம்பந்தமே இல்லை. பத்தடிக்கு முன்னால் இருக்கும் வீடு தெரியாது, துணி காயாது, மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, காலில் அட்டை ஏறும். மழைக்காடு பார்க்கத்தான் போகிறேன் என்றால் அதுதான் சரியான காலம், தாராளமாகப் போங்கள். ஆனால் சுவாமி வட்டை உருட்டிக்கொண்டு ஓடும் வெயில் விழுந்த தெரு உங்கள் மனதில் இருக்கிறது என்றால், நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போக வேண்டும். மலை விளிம்பில் இருக்கும் சூரிய அஸ்தமன மேடையிலிருந்து அரபிக்கடல் தெரிவதும் அப்போதுதான், அதுவும் வானம் தெளிவாக இருந்தால்.

தொட்டமனேயை லாட்ஜ் என்று நினைப்பது

கடைத்தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது தொட்டமனே. கன்னடத்தில் 'பெரிய வீடு'. நூறு வருடத்துக்கு மேலான வீடு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் செதுக்கிய மரத்தூண்கள், அகலமான திண்ணை. சுவாமியின் வீடாக நாம் பார்த்தது இதைத்தான். உள்ளே நுழைந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, அப்பா ஒரு தூணில் கைவைத்து நின்றுவிட்டார்.

அது ஒரு குடும்பம் குடியிருக்கும் வீடு. தங்க இடம் கொடுப்பார்கள், சாப்பாடு போடுவார்கள், போனவுடன் சுடச்சுடக் கஷாயம் தருவார்கள். நான் போன தடவைகளில் இத்தனை ரூபாய் என்று அவர்கள் வாய்விட்டுக் கேட்டதில்லை. விருந்தாளிகள் மனதுக்குத் தோன்றியதைக் கொடுத்துவிட்டு வருவோம். இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள் இரண்டு விதம். ஒரு சாரார், 'இலவசம்' என்று கேள்விப்பட்டு இருபது பேராக வந்து இறங்கி, நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போகிறார்கள். இன்னொரு சாரார், எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏசி அறையும் ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடும் கேட்கிறார்கள். ஒருமுறை ஒருவர் பூஜை அறைக்குள் செருப்போடு போய்ப் படம் எடுத்ததை நான் பார்த்தேன். வீட்டுப் பெண்மணி ஒன்றும் சொல்லவில்லை, துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தார். செருப்போடு போனவர் என்னோடு வந்த கூட்டத்தில் ஒருவர். அன்றிலிருந்து யாரை அழைத்துப் போனாலும் முந்தின நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்.

முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போவோமா? கொஞ்சம் பழம், காபிப் பொடி வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது, நல்ல விடுதியில் தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதற்குக் குறையாமல் கொடுங்கள்.

கடைப் பலகைகளைத் தேடுவது

இல்லை. படப்பிடிப்புக்காக வைத்த சிலையும் பலகைகளும் அப்போதே எடுக்கப்பட்டுவிட்டன. தெருவின் வளைவும் ஓட்டு வீடுகளும்தான் மிச்சம்.

பெரிய பேருந்தில் உடுப்பிப் பக்கமிருந்து ஏறுவது

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். கனரக வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

ராஜநாகத்தைக் காட்டச் சொல்வது

ஆகும்பேயில் 2005இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய, ராஜநாகங்களையும் ஆராயும் மழைக்காடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னை பாம்புப் பண்ணையையும் மாமல்லபுரம் சாலையில் இருக்கும் முதலைப் பண்ணையையும் உருவாக்கிய அதே விட்டேகர்தான். அந்தப் பழக்கத்தில் நம் ஆட்கள் இங்கேயும் டிக்கெட் கொடுக்கும் இடம் தேடுகிறார்கள். இது காட்சிசாலை இல்லை. பாம்புகள் காட்டில் இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும்.

தொடரைத் திரும்பப் பார்க்காமல் போவது

போவதற்கு முந்தின வாரம் நான்கைந்து பகுதிகளாவது பாருங்கள். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் கட்டாயம் பாருங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்கு இது மழை பெய்யும் இன்னொரு மலை ஊர்.

அஸ்தமனம் முடிந்ததும் கிளம்பிவிடுவது

வருகிறவர்களில் பாதிப் பேர் ஆறரை மணிக்குச் சூரியன் மறைந்ததும் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். உடுப்பிக்கோ சிருங்கேரிக்கோ போய்த் தங்குவார்கள். ஊரைப் பார்க்க வந்துவிட்டு ஊரைப் பார்க்காமலே போவது இது.

ஒரு ராத்திரி அங்கேயே தங்குங்கள். காலையில் ஆறு மணிக்கு எழுந்து தெருவில் நடந்து பாருங்கள். பனி இறங்கியிருக்கும். ஒவ்வொரு வாசலாகக் கோலம் விழும், அவர்கள் ரங்கோலி என்பார்கள். எட்டரை மணிக்குச் சீருடை போட்ட பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மூன்று பேராக வருவார்கள். ஐம்பதைத் தாண்டிய யாரிடமாவது சங்கர் நாக் பெயரைச் சொல்லுங்கள். 1990இல் 35 வயதில் விபத்தில் இறந்துபோனவரைப் பற்றி, நேற்று பார்த்ததுபோலப் பேசுவார்கள். தெருக் காட்சியில் தானும் நின்றேன் என்று சொல்பவரும் கிடைப்பார். எனக்கு அப்படி ஒரு தையல்காரர் கிடைத்தார். அப்போது ஆறாம் வகுப்பாம். கூட்டத்தோடு கூட்டமாக ஓடச் சொன்னார்களாம், எந்தப் பகுதி என்று நினைவில்லையாம். அன்று ராத்திரி தொட்டமனே திண்ணையில் உட்கார்ந்து என் போனில் ஒவ்வொரு பகுதியாக ஓட்டித் தேடிக்கொண்டிருந்தேன். இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த முறை போகும்போது அவரையே பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.