செவுள், உப்பு, ஹார்மோன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால், சீப்புப் பல் போல வரிசையாகச் சிவந்த இழைகள் தெரியும். அது மூச்சு விடுவதற்கான உறுப்பு என்று படித்ததோடு நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு. உப்பு வந்துபோகும் பெரிய வாசலும் அதுவே. எலும்பு மீன்களின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் நன்னீரில் உடலின் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். கடலில் உப்பு உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். செவுள் இழைகளில் உள்ள அயனிச் செல்கள், நன்னீரில் உப்பை உள்ளே இழுக்கின்றன, கடலில் வெளியே தள்ளுகின்றன.

எப்போது எந்த வேலை என்று சொல்பவை ஹார்மோன்கள். அவற்றை சுவிட்ச் போல நினைப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்: புரோலாக்டின் என்றால் நன்னீர், கார்டிசால் என்றால் கடல். பாதி சரிதான். புரோலாக்டினைச் சுரப்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. அது நீக்கப்பட்ட கில்லி என்ற சிறு மீன்கள் நன்னீரில் செத்துப்போகும். புரோலாக்டின் கொடுத்தால் பிழைக்கும். இதை 1959-இல் உயிரியலாளர் கிரேஸ் பிக்ஃபோர்டு காட்டினார். ஆனால் கார்டிசால் இரு பக்கமும் வேலை செய்கிறது. அதை ஒரு கொத்தனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சி ஹார்மோன் கூட இருந்தால் உப்பை வெளியேற்றும் செல்களைக் கட்டும். புரோலாக்டின் கூட இருந்தால் உப்பை உள்ளிழுக்கும் செல்களுக்குக் கைகொடுக்கும். நம் உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் பெரும்பாலான மீன்களுக்குக் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். மனித உடலியலை அப்படியே மீனுக்குப் பொருத்தினால் இங்கே தடுக்கி விழுவோம்.

கட்டுமானம் என்றால் நேரம் வேண்டும் அல்லவா? சால்மன் செவுளில் சோடியம்-பொட்டாசியம் பம்பு, அதாவது செல்லிலிருந்து சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் புரதம், இரண்டு வடிவங்களில் உண்டு. ஒன்று நன்னீருக்கு, மற்றது கடலுக்கு. ஒன்றைக் குறைத்து மற்றதைக் கூட்டப் பல நாள் பிடிக்கும். அதனால்தான் இளம் சால்மன், வசந்தத்தில் பகல் நீளும்போதே, ஆற்றில் இருந்தபடியே கடலுக்குத் தயாராகிவிடுகிறது. கடலுக்குப் போக வழியில்லாவிட்டால் அந்தத் தயாரிப்பு கொஞ்ச காலத்தில் கலைந்துவிடும். இது தெரியாமல், தயாராகாத மீனை நேரே உப்புநீரில் விட்டால் ரத்தத்தில் சோடியம் எகிறி, இரை எடுக்காமல் கிடக்கும். பல செத்தும் போகும். உப்பைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அப்படிக் கூட்டினாலும் எல்லா மீனும் கடலுக்குப் பழகிவிடாது. மொசாம்பிக் திலாப்பியா பழகும், தங்கமீன் பழகாது.

அப்புறம், ஆய்வு செய்பவர்களுக்கு ஒன்று. மீனை வலையால் துரத்திப் பிடித்து ரத்தம் எடுத்து, கார்டிசால் கூடியிருப்பதைக் கண்டதும் உப்புதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். பிடிபட்ட பதற்றத்திலேயே சில நிமிடங்களில் கார்டிசால் ஏறத் தொடங்கிவிடும். இன்னொரு தொகுதி மீன்களையும் அதே போலப் பிடித்து, அதே போலத் தூக்கி, பழைய உப்பளவே உள்ள வேறு தொட்டியில் விடுங்கள். அவற்றிலும் அதே அளவு கார்டிசால் கூடியிருந்தால், நீங்கள் அளந்தது வலையின் விளைவை.