நாரி நோவும் ஈரல் வருத்தமும் உள்ளவர் ஊருக்குப் போகும்போது

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போய் ஊரில் ‘நாரி நோகுது’, அதாவது இடுப்பு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆளுக்கொரு மருந்தோடு வந்துவிடுவார்கள். சிரோசிஸ் எனும் ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு அந்த அன்பில்தான் ஆபத்து. பாமசியிலும் சரி, வைத்தியரிடமும் சரி, எங்கே நோகிறது என்பதற்கு முன் ஈரல் வருத்தத்தைச் சொல்லுங்கள்.

டைக்ளோபினாக், இபுபுரூபன் வகை வலி மருந்துகள் வேண்டவே வேண்டாம். சிரோசிஸில் அவை சிறுநீரகத்தைப் பழுதாக்கும், இரத்தக்கசிவையும் வரவழைக்கும். ஊசியாகவோ பின்வழியாகவோ தந்தாலும் அதே மருந்துதான், வயிற்றுக்குள் போகவில்லையே என்று ஏமாற வேண்டாம். பனடோல், அதாவது பரசிட்டமோல், ஈரலுக்குக் கூடாது என்று பயந்து டைக்ளோபினாக் போடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். உண்மையில் அளவோடு எடுத்தால் பனடோல்தான் பாதுகாப்பு. வைத்தியர்கள் வழக்கமாக வைக்கும் எல்லை நாளுக்கு 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நாலு. குடிப்பவருக்கும் மெலிந்தவருக்கும் அதைவிடக் குறையலாம், போகுமுன் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். தடிமன் குளிசைகளிலும் பரசிட்டமோல் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

டிரமடோல், கோடீன் என்ற கடும் வலி மருந்துகளை எடுப்பவர்கள் மலச்சிக்கலைக் கவனிக்க வேண்டும். கொழும்பிலிருந்து இரவு பஸ், வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்று மலத்தை இளக்கும் லக்ருலோஸ் மருந்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரும் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. மலம் தேங்கினால் நச்சு மூளைக்கு ஏறும். நிறுத்தாதீர்கள், முடிந்தால் பகல் ரயிலில் போங்கள், எழுந்து நடக்கலாம், நாரிக்கும் நல்லது. பகலில் ஓயாத தூக்கம், பேச்சுக் குழறல், கை படபடவென்று உதறுதல் என்றால் பயணக் களைப்பு என்று விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் என்றாலும் அப்படியே. யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. இதைத் தங்கும் வீட்டாருக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள்.

டிரமடோல், கோடீன் இரண்டுக்கும் நாட்டு எல்லையிலும் கெடுபிடி உண்டு. மருந்தின் பொதுப்பெயர், அளவு எழுதிய ஆங்கிலக் கடிதத்தோடு பெட்டியைப் பிரிக்காமல் கைப்பையில் கொண்டுபோங்கள். துபாய் வழியாகப் போகிறவர்கள் முன்அனுமதி பற்றி விசாரியுங்கள். இந்தியாவில் 2018 முதல் டிரமடோலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

அப்புறம் கசாயம். சீந்தில் குடித்து ஈரல் அழற்சி வந்தவர்களைப் பற்றி இந்திய வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள். கசாயம் தரும் மாமியிடம் ‘டொக்டர் வேண்டாம் எண்டவர்’ என்று சொல்லித் தப்பிவிடலாம். சித்தாலேப தைலம் தேய்ப்பதிலும் சுடுதண்ணீர் ஒத்தடத்திலும் பெரிய பயமில்லை.

ஹெப்படைட்டிஸ் ஏ தடுப்பூசியைப் போகுமுன்னே போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் நீர் சேருகிறவர்கள் உப்பு மிகுந்த கருவாட்டையும் ஊறுகாயையும் தொடாதிருப்பது நல்லது. கள்ளு ஒரு மிடறும் வேண்டாம், கொண்டாட்ட வீடானாலும்.